ஸ்டேஷன் படம் எடுக்கிற இடமாம். அப்ப நாங்க எங்கால போறது?



இதை வாசிக்கிற பலருடைய வீட்டில் அடுப்பெரிவதே சுற்றுலாப் பயணிகளால்தான் என்பது தெரிந்துதான் எழுதுகிறோம். எல்லயில் ரூம் விடுகிறவர்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், ரொட்டிக் கடை போட்டிருப்பவர்கள் எல்லோரும் நம்மட ஆட்கள். அதில் பாதிப்பேர் எங்களிடம் படித்த பிள்ளைகள். ஆகவே "பொறாமையில எழுதுறாங்க" என்று கொமென்ட் போட வராதீர்கள். வெள்ளைக்காரர் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வந்தவர்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்கிறோம். விலகச் சொல்ல வாய் வராத நம்மவர்களைப் பற்றியும் சொல்லத்தான் போகிறோம்.

பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் தினமும் கோச்சியில் போய் வருகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். எல்ல ஸ்டேஷன் ஒரு சின்ன ஸ்டேஷன். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்கும் ஊர் ஆட்களுக்கும் போட்ட பாதை அது. 1924இல் பதுளை வரைக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்குக் கோச்சி வருகிற நேரத்தில் அந்தப் பிளாட்போமில் கால் வைக்க இடமில்லை. முதுகுப் பைகளைக் கழற்றிச் சந்தையில் மூட்டை அடுக்கின மாதிரி வரிசையாகக் கிடத்தி வைத்திருப்பார்கள். உள்ளே வருகிற வாசலிலேயே இரண்டு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாண் தின்பார்கள். ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கும், புருஷன்காரன் முழங்காலில் நின்று படம் எடுப்பான், அந்தப் படம் சரியாக வரும் வரைக்கும் ஊர் சனம் முழுவதும் இந்தப் பக்கம் காத்து நிற்கும். யாரும் குறுக்கே போகமாட்டார்கள். மரியாதையாம்!

கோச்சி வளைவில் தெரிந்ததும்தான் உண்மையான கூத்து. உலகத்தில் எங்கேயும் கோச்சி வந்தால் ஆட்கள் ஓரடி பின்னால் போவார்கள். இங்கே எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வருகிறார்கள்.

கோச்சி நின்ற பிறகு இறங்குகிறவர்களுக்கு வழி இல்லை. வாசற்படியில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நிற்கிறார்கள். கீழே நிற்பவர்கள் ஆளுயரப் பையோடு மேலே ஏறப் பார்க்கிறார்கள். நடுவில் அகப்படுவது யார்? பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள், மரக்கறிப் பையோடு வருகிற உம்மாமார், வேலை முடிந்து வருகிறவர்கள். எங்கள் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பிளாட்போம் பக்கக் கதவால் இறங்க முடியாவிட்டால் மறுபக்கக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் குதிக்கிறார்கள். சீருடை போட்ட, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள். கேட்டால், "இல்லாட்டி தெமோதரைக்குக் கொண்டு போயிடும் சேர்" என்கிறார்கள். இது நடக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒருநாள் வந்து மறுபக்கத்தில் நின்று பாருங்கள்.

பிள்ளைகள் குதிப்பார்கள், வயதானவர்கள் என்ன செய்வது? பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தோட்டத்து அம்மா ஒருவரை நாங்கள் பார்த்தோம். பைகளைத் தாண்டி அவரால் கதவு வரைக்கும் வர முடியவில்லை. பச்சைக்கொடி காட்டியாயிற்று, கோச்சி போய்விட்டது. இது கொழும்பில் ஓடுகிற ஒபிஸ் கோச்சி இல்லை, பின்னாலேயே இன்னொன்று வருவதற்கு. மலையில் ஒற்றைத் தண்டவாளம். ஒன்று போனால் அடுத்ததற்கு மணித்தியாலக் கணக்கில் குந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அன்றைக்குக் கிளினிக்கும் இல்லை, நாட்கூலியும் இல்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண் தண்ணீர்ப் போத்தல்கூட நீட்டினார். ஆனால் அவருடைய பைதான் வழியில் கிடந்தது.

"பாவம், அவங்களுக்குத் தெரியாது" என்பார்கள். தெரியாதா? லண்டன் சுரங்க ரயிலில் நகரும் படிக்கட்டில் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கி நின்று, அவசரமாகப் போகிறவர்களுக்கு இடப்பக்கத்தை விடுகிறார்கள். ஜப்பானில் கதவு எங்கே வந்து நிற்கும் என்று பிளாட்போமில் கோடு போட்டிருக்கிறது, அந்தக் கோட்டின் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள், இறங்குகிறவர்கள் இறங்கி முடியும் வரைக்கும் ஒருவரும் ஏறுவதில்லை. இப்படியான இடங்களில் பழகினவர்கள்தான் இங்கே வந்து வாசலில் பையைப் போடுகிறார்கள். அங்கே அது ஸ்டேஷன். இங்கே அது அவர்களுக்கு ஒரு படம். நாங்கள் அந்தப் படத்துக்குள் நடந்து போகிற ஆட்கள், அவ்வளவுதான். சேலை கட்டின ஆசிரியையும், கூடை சுமக்கிற கிழவியும், தொப்பி போட்ட சிறுவனும் அவர்களுக்கு நல்ல பின்னணி.

அப்படிப் பார்க்க அவர்களுக்குப் பழக்கினது நாங்கள்தான் என்று சொல்லமாட்டோம். ஆனால் இந்த நாட்டை விற்கிறவர்கள் பழக்கினார்கள். நீலக் கோச்சி, திறந்த கதவு, வெளியே சாய்ந்து கூந்தல் பறக்கிற ஒரு பெண். இந்த ஒரு படத்தை எத்தனை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள்? அந்தப் படத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிற பயணி எப்போதாவது தெரிந்திருக்கிறாரா? 2024இல் இந்த நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் அந்தப் படத்தைத் தாங்களும் எடுக்க வேண்டும் என்று வருகிறார்கள். அதே பிளாட்போம், அதே ஒற்றைத் தண்டவாளம்.

இன்னொரு விசயம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஏன் இவ்வளவு பேர் கதவுக்கு முண்டியடிக்கிறார்கள்? ஆசனம் பதிவு செய்தவர் முண்டியடிக்கத் தேவையில்லை, ஆறுதலாக வந்து ஏறலாம். பதிவு கிடைக்காதவர்தான் முண்டியடிக்கிறார். 2025 தொடக்கத்தில் அமைச்சரவைப் பேச்சாளரே சொன்னார், எல்லக்கான ஒன்லைன் டிக்கட் 42 செக்கன்களில் முடிந்துவிட்டது என்று. 42 செக்கன்! எங்கள் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு ஸலாமுக்குப் பதில் வருவதற்குக்கூட அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அதன் பிறகு விசாரணை நடந்தது, சிலர் பிடிபட்டார்கள், அது வேறு கதை. எங்களுக்கு வந்து விழுந்தது இதுதான்: கறுப்புச் சந்தையில் டிக்கட் வாங்க முடியாத பயணி, பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார். மூன்றாம் வகுப்புப் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே கோச்சி வந்த பிறகு பையை இழுத்துக்கொண்டு பிளாட்போமின் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் மிதிபடுவது சீசன் டிக்கட்காரர். டிக்கட்டைப் பதுக்கினவனுக்கு இலாபம், மிதி எங்களுக்கு.

"விருந்தாளிகளை அப்படிப் பேசலாமா, மார்க்கம் என்ன சொல்லுது?" என்று ஒரு ஹஸரத்தே எங்களிடம் கேட்டார். விருந்தாளிக்கு உரிமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். பாதைக்கும் உரிமை இருக்கிறதே! பாதைகளில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றால் பாதையின் உரிமையைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமலிருப்பது அதில் ஒன்று. பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகவே சொல்லியிருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் மட்டும்தான் அகற்ற வேண்டும், டிரொலிப் பையைத் தொடக்கூடாது என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. ஹஸரத் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

(இந்த இடத்தில் யாராவது வந்து அவர்களுடைய உடுப்பைப் பற்றிக் கொமென்ட் போடுவார்கள் என்று தெரியும். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பதிவு உடுப்பைப் பற்றியது இல்லை, பையைப் பற்றியது. எந்த நாட்டுக்காரர் என்பதும் இங்கே விசயமில்லை. நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, பிரியாணிச் சட்டியைப் பிளாட்போம் நடுவில் திறந்து வைக்கிற நம்மட சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.)

இப்போது நம்மட ஆட்களிடம் வருவோம். நாங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். கதவை மறித்து நிற்கிற பயணியிடம் சிரித்த முகத்தோடு, "எக்ஸ்கியூஸ் மீ, லெட் தெம் கெட் டவுன் ஃபர்ஸ்ட்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் "ஓ, சொரி" என்று உடனே விலகுகிறார்கள், பையையும் இழுத்துக்கொள்கிறார்கள். முகம் சுளிக்கிறவர் எப்போதாவது ஒருவர். அப்படியென்றால் இவ்வளவு காலமும் அவர்களிடம் யாருமே சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? ஊர்க்காரர் ஒருவர் வழியில் நின்றால், "தள்ளுங்க நாநா, கண் தெரியல்லியா?" என்று கத்துகிற அதே வாய், வெள்ளைத் தோலைக் கண்டதும் ஒட்டிக்கொள்கிறது. ரூம்காரருக்கு கூகுளில் நட்சத்திரம் குறைந்துவிடும் என்று பயம். ஓட்டோக்காரத் தம்பி ஆளையும் நான்கு பையையும் வாசலிலேயே இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் பறக்கிறார். கைட் வேலை செய்கிறவர் இன்னும் ஒருபடி மேல், "திஸ் இஸ் த பெஸ்ட் ஸ்பொட்" என்று படம் எடுக்கிற இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறார். அந்த இடம் எப்போதும் ஆட்கள் இறங்குகிற இடமாகத்தான் இருக்கும்.

ஸ்டேஷனில் வேலை செய்கிறவர்களைத் திட்டுவது எங்கள் நோக்கம் இல்லை. டிக்கட் கொடுக்கிறதும், சிக்னல் பார்க்கிறதும், கொடி காட்டுகிறதும், தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில் சொல்வதுமாக விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கேட்க வேண்டியது அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடம். பிளாட்போமில் மூன்றாம் வகுப்புப் பெட்டி நிற்கிற இடத்தைப் பெயின்ட் அடித்துக் காட்ட எத்தனை கோடி வேண்டும்? வாசலில் இருந்து ஒரு பாதையைக் கோடு போட்டு "இங்கே பை வைக்காதே" என்று எழுத எந்த வெளிநாட்டுக் கடன் வேண்டும்? கோச்சி வருவதற்கு முன்னால் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல், ஒரு பெட்டியின் ஒரு கதவாவது இறங்குகிறவர்களுக்கு என்று ஒதுக்கீடு. சுற்றுலாவால் கோடிக்கணக்கான டொலர் வருகிறது என்று பேசுகிறவர்கள் ஒரு டின் பெயின்ட் வாங்கித் தரட்டும், மிச்சத்தை நாங்கள் அடித்துத் தருகிறோம்.

ஆனால் பெயின்ட் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ரூம் வைத்திருக்கிற சகோதரர்களே, காலைச் சாப்பாடு கொடுக்கும்போது கோச்சி நேரத்தைச் சொல்கிறீர்கள்தானே. அதோடு சேர்த்து, பையைச் சுவர் ஓரமாக வையுங்கள், இறங்குகிறவர்கள் இறங்கின பிறகு ஏறுங்கள், கோச்சி வந்தால் பின்னால் நில்லுங்கள் என்று மூன்று வசனம் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் அடித்து வைஃபை பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், அதை மட்டும்தான் எல்லோரும் கட்டாயம் வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதித் தர எங்கள் ஆசிரியர்கள் இருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், இன்றைக்கே அனுப்புகிறோம்.