பெட்டிக்குக் காசு இருக்கு... உள்ளே ஓடுறதுக்கு?

காரைக்கால் கருக்களாச்சேரி மாதிரி ஒரு மீனவ கிராமத்துக்கு அரசுப் பணம் வந்தால் எந்த உருவத்தில் வரும்? தூண்டில் வளைவு, வலை பின்னும் கூடம், மீன் ஏலக்கூடம், படகுக்கு மானியம். எல்லாமே தேவைதான். ஆனா கவனிச்சுப் பாருங்க, எல்லாத்துக்கும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்போ, குமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில். படகு இருந்தது, இன்ஜின் இருந்தது. எச்சரிக்கைதான் போய்ச் சேரலை. கரையிலிருந்து 10, 12 கி.மீ. தாண்டினாலே செல்போன் சிக்னல் போயிடும்.

அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி கருவி வந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் தரும் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே வாங்கி, புளூடூத்தில் போனுக்கு அனுப்பும். 2024 ஆகஸ்டில் இன்னொரு திட்டம்: இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், 1 லட்சம் படகுகளுக்கு, சுமார் 360 கோடி ரூபாயில். இதில் இருவழியாகவும் செய்தி அனுப்பலாம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனா மேடையில் பெருமையா சொல்ல வசதியானது அந்த '1 லட்சம்' என்ற எண்ணிக்கைதான்.

இரண்டுக்கும் போனில் ஆப் வேணும். ஆண்ட்ராய்டு வருஷா வருஷம் மாறும். ஆப்பும் கூடவே மாறணும். எச்சரிக்கை தமிழில், மீனவர் பேசும் சொற்களில் வரணும். "ஹெக்டோபாஸ்கல்"னு வந்தா நடுக்கடலில் யார் அகராதி புரட்டுறது? இந்த வேலைக்கு ரிப்பன் வெட்ட முடியாது. முடியவும் முடியாது, வருஷம் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும்.

சிக்கல் அரசின் கணக்கு நோட்டிலேயே இருக்கு. கட்டடம் கட்டினால் அது மூலதனச் செலவு. சொத்து சேர்ந்ததாக அர்த்தம். ஆப்பைப் பராமரிக்கிறவருக்கு மாசா மாசம் சம்பளம் கொடுத்தால் அது வருவாய்ச் செலவு, அதாவது வெறும் செலவு. தேசியத் தகவலியல் மையம் 1976-லிருந்தே இருக்கு, மாவட்டம்தோறும் ஆளும் இருக்கு. ஆனாலும் விரிசல் விட்ட சுவர் கலெக்டர் கண்ணுக்குத் தெரியும். காலாவதியான ஆப், புயல் வர்ற அன்னைக்குத்தான் தெரியும்.

புதுச்சேரி நல்லவாடு கதை பலருக்கு நினைவிருக்கலாம். 2004 சுனாமியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு போன் தகவலை, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. 3,000-க்கும் மேற்பட்டோர் தப்பினர். அந்த ஒலிபெருக்கி என்ன விலை இருந்திருக்கும்? அதுல வர்ற தகவலை நம்பலாம்னு ஊருக்கு இருந்த பழக்கம்தான் பெரிசு. அந்தப் பழக்கத்தை எந்த ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் எழுத முடியாது.

அடுத்த டெண்டரில் கருவியின் விலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி வேணும்: அடுத்த 10 வருஷத்துக்கு ஆப்பை யார் பார்த்துக்கிறது, அதுக்கு எவ்வளவு.