நஞ்சு பிறப்பது நகரில். சாவு விழுவது சிற்றூரில்!

சென்னையின் மேலைப் புறநகர் உழைப்பின் நிலம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடிப் படைத்துறைத் தொழிலகங்களும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைப் பட்டறைகளும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. வண்ணப்பூச்சுக்கும் மருந்துக்கும் நெகிழிக்கும் பயன்படும் மெத்தனால் என்னும் நீர்மமும் தொழிலுக்குத் தேவையானதே. தொழிற்கூடத்தில் அது முதற்பொருள். குடிப்பவன் வயிற்றிலோ கூற்றுவன்!

2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதிற் கலந்த மெத்தனால், பூவிருந்தவல்லிச் சாலையிலுள்ள வானகரத்துத் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து சென்றதெனக் காவல்துறை கண்டது. ஓராண்டு கழிந்து, 2024 சூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் மெத்தனாலே!

நஞ்சு நகர் விளிம்பில் இருக்க, பிணம் மட்டும் ஏன் தொலைவில் விழுகிறது? நகரத்தான் அரசுக் கடையில் வாங்குகிறான். அது அவன் ஈரலை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். மீனவனும் நாட்கூலியும் அதனினும் மலிவான நெகிழிப்பைச் சாராயத்தை நாடுகின்றனர். அது ஓரிரு நாளிலேயே உயிர் குடிக்கும். மெத்தனால் உடலுள் எறும்புக்காடியாக மாறப் பல மணிநேரம் ஆகும். குடித்தவன் உறங்கிவிடுகிறான், விழிக்கையில் பார்வை மங்குகிறது. உடனே மாற்றுமருந்தும் குருதித் தூய்மிப்பும் கிடைத்தால் பிழைக்கலாம். கள்ளக்குறிச்சியிற் குடித்தவர் பலரைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசெல்ல நேர்ந்தது. அந்தத் தொலைவே பாதிச் சாவு!

‘குடித்தவன் குற்றம்’ என்பார் உளர். குடி கேடே; ஐயமில்லை. ஆனால் நாவாற் பிரித்தறிய முடியாத நஞ்சை ஊற்றிக் கொடுத்தவன் செய்தது கொலை. அதைத் தொழிற்கூடத்து வாயில் கடக்கவிட்டவன் அக்கொலைக்குத் துணைநின்றவன்.

2024-இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பெற்று வாழ்நாட்சிறை வரை ஒறுப்பு வகுக்கப்பட்டது. இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலக்கம் உருபா அறிவிக்கப்பட்டது. நன்று, எனினும் இவையெல்லாம் சாவுக்குப் பின் வருவன. சாவுக்கு முன் வேண்டுவன இரண்டு: மெத்தனால் உருளை ஒவ்வொன்றும் எங்குச் சென்றது, எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்கு, வட்ட மருத்துவமனைதோறும் மாற்றுமருந்து.

கருணாபுரத்துக் கைம்பெண் கேட்கும் கேள்விக்கு வானகரத்திலேயே விடை தேட வேண்டும். ஊற்றுக்கண்ணை அடைக்காமல் கால்வாய்க்குக் காவல் வைத்துப் பயனென்ன?