படைப்பணியில் வந்த நோய்: டிசெபிலிட்டி பென்ஷன் குறித்து எங்கள் நிலைப்பாடு

நல்ல உடம்போடு படையில் சேர்ந்தவர் நோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அந்த நோய் பணியால் வரவில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. ஆர்.கே.பேட்டை வட்டார முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து எடுத்திருக்கும் நிலைப்பாடு இதுதான்.

இது புதுக் கோரிக்கை அல்ல. 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த தரம்வீர் சிங், 1994இல் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டார். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை, அது உடல்வாகு என்று மருத்துவ வாரியம் எழுதிவிட்டது. சேரும்போது பதிவில் இல்லாத நோயை, காரணம் சொல்லாமல் இப்படித் தள்ள முடியாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குண்டடி பட்டவருக்கு இந்த வாதம் அவ்வளவாகத் தேவைப்படாது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மனநோய் என்றால்தான் இழுபறி. ‘அமைதிப் பகுதியில் இருந்தவர்தானே’ என்கிறார்கள். அங்கே இரவுக் காவல் இல்லையா, குடும்பத்தைப் பிரிந்த கவலை இல்லையா?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனத்துக்கு 6 சதவீதம்தான். அந்த 20 சதவீத ஊனத்தையே 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால் 15 சதவீதம். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வைத்திருப்பவர்கள், இந்த உயர்வு சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. 2013 தீர்ப்பு தந்த பாதுகாப்பை அவற்றால் கரைக்கக் கூடாது. அந்தத் தேதிக்கு முன் வெளியேறியவர்களிடம் அவற்றைக் காட்டி மறுப்பது அநியாயம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் ஒருவர் வென்ற பிறகு, உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த அதே கேள்வியோடு அரசு மேல்முறையீட்டுக்குப் போவதையும் நிறுத்த வேண்டும்.

எங்கள் பக்கம் தமிழும் தெலுங்கும் பேசும் நெசவுக் குடும்பங்கள் அதிகம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கும் மருத்துவ வகைப்பாட்டை மனைவி எப்படிப் படிப்பார்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் திருவள்ளூரிலிருந்து ஆர்.கே.பேட்டைக்கு வந்து முகாம் நடத்தட்டும்.

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மருத்துவ வாரிய நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாரிய நகல் கையில் இல்லாதவர்கள் இன்றே ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.