7 நாளில் முடியுமா ஏரி வேலை?
மாணவர் படை வருது... போகுது! கீழ்பென்னாத்தூர் பக்கம் நிற்கும் கேள்வி

கீழ்பென்னாத்தூர் –

திருவண்ணாமலையில் செஞ்சி பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், கீழ்பென்னாத்தூர் வரும்வரை கண்ணில் படுவது நெல், மல்லாட்டை, ஏரிக்கரை. வற்றாத ஆறு இந்தப் பக்கம் கிடையாது. தோண்டினால் பாறை. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் அடுப்பு எரியும். அவ்வளவுதான் கணக்கு!

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே காலேஜில் படிப்பு இருக்கிறது. சுற்றுச்சூழல் என்ஜினீயரிங், நீர்வள என்ஜினீயரிங் என்று பெயர். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் நீர்வளத்துக்குத் தனி மையமே வைத்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று இதே மாவட்டத்தில் ஆரணியிலும் உண்டு. ஆக, ஆளுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கும் பஞ்சமில்லை. பிறகு எங்கே இடிக்கிறது?

வெள்ளமும் வறட்சியும்

2024 டிசம்பரை இந்த மாவட்டம் மறக்காது. பெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் பலி. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. சரிவை ஆராய ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்தார்கள். ஆனால் நிபுணர் வருவது விபத்துக்குப் பிறகு! வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்திருக்கு, மதகு எங்கே ஒழுகுது, கலங்கலை எவ்வளவு உயர்த்தி வச்சிருக்காங்க என்பதை முன்கூட்டியே பார்த்து எழுதி வைக்க யாரும் இல்லை. மாணவர் குழுவுக்கு ஏற்ற வேலை இதுதான்.

கடப்பாரையா, அளவு கோலா?

மாணவர்களை ஊருக்கு அனுப்புவது புதுசு இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் பேரோடு ஆரம்பித்தது. இன்றும் சிறப்பு முகாம் என்றால் 7 நாள். 2014-ல் மத்திய அரசின் ‘உன்னத் பாரத் அபியான்’ வந்தது. ஒரு கல்லூரிக்கு 5 கிராமம் தத்து.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் 7 நாளில் முள் வெட்டலாம், கரையைச் சுத்தம் பண்ணலாம், போட்டோ எடுக்கலாம். எட்டாம் நாள் பஸ் கிளம்பினதும் முள் மறுபடி முளைக்கும்! முள் வெட்ட ஊரிலேயே ஆள் இருக்கு. லெவல் கருவி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணற்று நீர்மட்டத்தை வருஷத்துக்கு 4 தடவை அளக்கிறது. ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். ஒரே தடவை அளந்தால் அது வெறும் நம்பர். திரும்பத் திரும்ப அளந்தால்தான் சாட்சி! குடிதண்ணீரும் அப்படியே. மாவட்டத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு இருக்கு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதற்கு மேலே போனால் முதலில் பல் கறை, அப்புறம் எலும்பு. மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தால்தான் தாய்மார்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

யாரிடம் கொடுப்பது?

அளந்த காகிதத்தை யாரிடம் நீட்டுவது என்பதிலேயே பாதி வேலை கெடுகிறது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலே என்றால் ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. 2007-ல் வந்த ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்காகப் போட்டது. சின்ன ஏரிக்கு வேறு வழி பார்க்கணும். இது தெரியாமல் மனு கொடுத்தால், ஆபீசுக்கு ஆபீஸ் அலைவதோடு சரி. சர்வே நம்பரோடு கொடுத்தால் எந்த அதிகாரியும் லேசில் ஒதுக்கி வைக்க முடியாது.

வெளியூர் பாடம்

விடாமல் செய்தால் நடக்கும் என்பதற்குச் சென்னை கீழ்க்கட்டளை ஏரி சாட்சி. இளைஞர்களைத் திரட்டி அதை மீட்க இறங்கிய அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012-ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

கடல் கடந்தும் இதே கதை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமாடெய், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பெலிஸ் நாட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதிலிருந்து 2002-ல் ‘எல்லையற்ற என்ஜினீயர்கள்’ அமைப்பு பிறந்தது. ஒரு ஊரில் கால் வைத்தால் குறைந்தது 5 வருஷம் கைவிடக் கூடாது என்று அங்கே விதி வைத்தார்கள். கனடாவில் அதே பெயரில் இயங்கும் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே புத்தகமாகப் போட்டது!

இங்கேதான் சூட்சுமம். என்ஜினீயரிங் படிப்பு 4 வருஷம். ஊருக்குக் கொடுக்கும் வாக்கு 5 வருஷம். அப்படியானால் எந்தத் தனி மாணவனாலும் வாக்கைக் காப்பாற்ற முடியாது. குழுதான் காப்பாற்றணும். கடைசி வருஷம் போகும் அண்ணன், முதல் வருஷம் வரும் தம்பி கையில் அளவு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகணும். இன்னொரு பிரதி ஊரிலேயே இருக்கணும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் இனி ஒரு மாணவர் குழு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்:

“தம்பி, மறுபடி எப்போ வருவீங்க?”

தேதி சொன்னால் டீ வாங்கிக் கொடுக்கலாம்!