நட்சத்திரத்தை எங்கே ஒளிப்பது?

இந்த வருஷச் சாரலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த இலக்கிய நண்பர் ஒருவர், ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சுஜாதாவை சினிமா கெடுத்துவிட்டது" என்றார். கூட நின்ற எங்கள் ஊர்க் கவிஞர் அண்ணாச்சி, "கெடுக்கதுக்கு அதுல என்ன இருந்துச்சுங்கேன்?" என்றார். இரண்டையும் பல காலமாகக் கேட்டுவருகிறேன். முன்னது சோம்பேறித்தனம். பின்னது திமிர். தமிழ்ச் சிறுபத்திரிகை உலகம் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வாக்கியம் ஒன்றை யோசித்ததாகத் தெரியவில்லை.

என் அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 'கரையெல்லாம் செண்பகப்பூ' தொடராக வந்தபோது கிழித்துத் தைத்த தொகுப்பொன்று எங்கள் தென்காசி வீட்டுப் பரணில் இருந்தது. கடைசி இரண்டு வாரங்களைக் கரையான் அரித்திருந்தது. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் கல்யாணராமன், இருண்ட ஜமீன் வீடு, வெள்ளி என்கிற பெண், யாரோ செத்துப்போன சேதி. பள்ளிப் பையனாக இதைப் படித்துவிட்டு, முடிவு தெரியாமல் வருஷக்கணக்கில் அலைந்தேன். செண்பகாதேவி அருவிக்குக் காட்டுவழியே ஏறும்போதெல்லாம் பின்னால் யாரோ வருவதாகத் தோன்றும். பிறகு ஒரு மத்தியானம் டெலிவிஷனில், ஜி.என். ரங்கராஜன் 1981-ல் இயக்கிய படத்தைப் பார்த்தேன். கொலையாளி யாரென்று தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் அது மறந்தும் போயிற்று. அந்த வீட்டின் இருட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அது படத்திலிருந்து வந்ததல்ல.

ஆக, மர்ம நாவலில் 'மர்மம்' என்று நாம் அலட்சியமாகச் சொல்வது கடைசிப் பக்கத்துப் பெயரை அல்ல. ஒரு வாக்கியம் எதைச் சொல்லாமல் விடுகிறது, எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்பதுதான் அதன் ஜீவன். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதை காதில் வாழ்வதாகக் கடைசிவரை வாதாடினார். மர்மக்கதை அதற்கு நேர் எதிர். மௌனமாகப் புரளும் தாளில்தான் அது வாழும். தாளை விட்டு வெளியே வரும்போது, சொல்லாமல் விடுவதற்கு வேறொரு உபாயம் வேண்டும். நம் சினிமாவிடம் அது கிடையாது. எதை வேண்டுமானாலும் ஒளிக்கும். நட்சத்திரத்தை மட்டும் ஒளிக்காது.

அதே 1954-ல் நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' படமாயிற்று. மலைக்கள்ளன் யார் என்பதுதான் கதையின் முடிச்சு. திரையிலோ எம்.ஜி.ஆர். தலை காட்டியதுமே கொட்டகை முழுவதும் முடிச்சை அவிழ்த்துவிட்டு விசிலடித்திருக்கும். படம் நாடெங்கும் ஓடியது, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் வாங்கியது. முடிச்சு தேவையே இல்லை என்று நம் சினிமா அன்றே கற்றுக்கொண்டது. அதே வருஷம் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். அது நாவல் அல்ல. ஆனாலும் நாவலின் தர்மத்தை அறிந்த படம். சிவாஜி கணேசனை ஆரம்பத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, பாட்டு ஒன்றுகூட இல்லாமல், ஆளுக்கொரு விதமாக அவனைப் பற்றிப் பேசவிட்டார். நட்சத்திரத்தைக் கொன்றால்தான் இங்கே கதையைக் காப்பாற்ற முடியும் என்று அறிந்திருந்த ஒரே மனிதர். அவருக்கு வாரிசு இல்லை.

'காயத்ரி'க்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் சண்டை போட விரும்புகிறேன். பழைய காகிதங்களுக்கிடையே ஒரு பெண்ணின் கையெழுத்துப் பக்கங்கள் அகப்படுகின்றன. தன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவள் எழுதிக்கொண்டு போகிறாள். கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பவன் நான். பயந்த கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாவலில் அவளை நாம் பார்ப்பதில்லை, படிக்கிறோம். அவள் புருஷன்தான் அவளைப் பார்க்கிறவன். படுக்கையறையில் ரகசியக் காமிரா வைத்துப் படமெடுத்து விற்கிறவன். 1977-ல் ஆர். பட்டாபிராமன் இதைப் படமாக்கியபோது (புருஷனாக ரஜினிகாந்த், காயத்ரியாக ஸ்ரீதேவி) நடந்தது என்ன? காகிதம் போயிற்று, காமிரா மட்டும் மிஞ்சியது. டிக்கெட் வாங்கிய நாம் எல்லோரும் அந்தப் புருஷனுடைய வாடிக்கைக்காரர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். படம் ஆபாசம் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் அடக்கமான படம், அதில் வில்லன் வில்லனாகவே இருக்க முடிந்தது. ஆனால் தான் எந்த நாற்காலியைப் போட்டிருக்கிறோம் என்ற பிரக்ஞை அதற்குத் துளியும் இல்லை. 'நாவலுக்கு நியாயம் செய்தார்களா' என்று கேட்கும் விமர்சகருக்கும் அந்த நாற்காலி கண்ணில் படுவதில்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அடுத்த வருஷமே 'ப்ரியா'வில் அதே ரஜினி கணேஷ் வக்கீலானார். லண்டன் சிங்கப்பூராயிற்று, விசாரணை டூயட்டாயிற்று. சுஜாதாவுக்கே அது பிடிக்கவில்லை. 1986-ல் 'விக்ரம்'. இங்கே நாவலும் படமும் கைகோத்துக்கொண்டே நடந்தன, யார் யாரைக் கெடுத்தார் என்று சொல்லவே வழியில்லை. ராக்கெட்டில் ஆரம்பித்து ஒரு கற்பனை ராஜ்யத்து அரண்மனையில் போய்ச் சிக்கிக்கொண்ட கதை. அவர் மறைந்து இரண்டு வருஷம் கழித்து, 2010-ல் 'எந்திரன்'. ஒரு நட்சத்திரத்தை ஒளிக்கத் தெரியாத சினிமா அவரை நூற்றுக்கணக்கில் அச்சடித்துக் காட்டிற்று.

ஆனால் சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளில் உண்மையில் ஆபத்தானது 'என் இனிய இயந்திரா'. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதியது. அந்தத் தேதிகளை நாம் தாண்டியும் வந்துவிட்டோம். ஜீவா என்கிற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். மக்கள் அவனைத் தொழுகிறார்கள். ஆனால் ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, அது வெறும் ஒளிப்பிம்பம். தூர்தர்ஷனில் தொடராக வந்ததோடு சரி. ஒளிப்பிம்பங்கள் கோட்டைக்கே போன மாநிலத்தில் எந்த ஸ்டூடியோ இதைப் பெரிய திரைக்குக் கொண்டுவரும்? எந்த நட்சத்திரம் 'நான் இல்லை' என்று நடிக்க ஒப்புக்கொள்வார்?

இதை அன்றே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். பி.ஏ. வகுப்பில் எட்கர் ஆலன் போவையும் வில்கி காலின்ஸையும் மரியாதையோடு படித்துவிட்டு வந்து, தமிழில் அதே காரியத்தைச் செய்தவனை 'வாரப்பத்திரிகை ஆசாமி' என்று ஒதுக்கினோம். நாவலையே படிக்காதவனுக்கு, படத்தில் எது தொலைந்தது என்று எப்படித் தெரியும்?

இதையெல்லாம் ஐந்தருவிச் சாலை டீக்கடையில் சொன்னபோது சென்னை நண்பர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார். அண்ணாச்சி மட்டும் அந்தத் தைத்த தொகுப்பைக் கேட்டார். கடைசி இரண்டு வாரம் இல்லையே என்றேன். "அது கிடக்கு, கொண்டாரும். படிச்சுட்டுத் திட்டுதேன்" என்றார்.