பெயர் வைக்காத மழை



வானம் கறுத்தால் நம் ஹாஸ்டல் வராண்டாவில் எழுகிற முதல் கேள்வி என்ன? "மாப்ளே, நாளைக்கு லீவு உண்டா?" அடுத்த கேள்வி, "புயலா, வெறும் மழையா?" புயல் என்றால் லீவு நிச்சயம். வெறும் மழை என்றால் ஒர்க்‌ஷாப் நிச்சயம்! இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எழுத வந்தேன். "வெறும் மழை" என்ற சொல்லை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

என் ஊர் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரில்தான் இருந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் சென்னையைத் தண்ணீரில் தத்தளிக்க வைத்திருந்தது. டி.வி.யில் பார்த்து "ஐயோ பாவம்" என்றவர்கள் நாங்கள். அன்று மழை வலுத்தபோது அப்பா சொன்னார், "புயலா வருது? மழதானல... பெஞ்சிட்டுப் போவும்." ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். "எய்யா, மொதல்ல மெயின ஆஃப் பண்ணு" என்று அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி கழித்தோம். அப்பா அந்த இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையே சுமார் 92 செ.மீ.தான்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் மண்ணும் ஜல்லியும் அடித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ரயில் நிற்காமல் போயிருந்தால்? நினைத்தாலே குலை நடுங்குகிறது.

இத்தனையும் செய்தது புயலா? இல்லை. குமரிக் கடல் பகுதியில் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி. அதற்குப் பெயரும் கிடையாது, பட்டமும் கிடையாது.

இது எப்படி நடக்கிறது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அந்தக் காற்று நேர்கோட்டில் வருவதில்லை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் ஒரு நெளிவு ஓடுமே, அதுபோல நெளிந்து வருகிறது. இதைத்தான் கிழக்கலை என்கிறார்கள். 1940-களில் கரீபியன் கடல் பகுதியில் இத்தகைய அலைகளை விரிவாக ஆராய்ந்தவர் ஹெர்பர்ட் ரீல் என்ற வானிலை அறிஞர். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்கூட இருக்கும். அலை வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. காற்று ஓரிடத்தில் குவிந்து மேலே எழும்போது இடியும் மழையும் பிறக்கின்றன. அலை கடந்ததும் வெயில் அடிக்கும். நான்கைந்து நாள் கழித்து அடுத்தது வரும். "ஐப்பசி அடைமழை" என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தப் பருவத்தைத்தான். சில அலைகள் தாழ்வு மண்டலமாகவும் புயலாகவும் வளரும். பல அலைகள் வளராமலே வந்து கொட்டிவிட்டுப் போகும்.

இங்கேதான் நம் ஏமாற்றம் இருக்கிறது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் நம் கடலில் பெயர் வைப்பார்கள். பெயர் வைக்கும் வழக்கம் வந்ததே 2004-இல். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கும் காற்றுதான் கணக்கு. ஆக, பெயர் காற்றுக்கு, மழைக்கு அல்ல! 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டிச் சென்னை மூழ்கியதே, அதுவும் புயல் இல்லை. பெயருக்காகக் காத்திருப்பவன் படுக்கை நனைந்த பிறகுதான் எழுந்திருப்பான்.

"எல்லா மழைக்கும் பயந்தால் பிழைப்பு நடக்குமா? பத்து தடவை எச்சரித்தால் பதினோராவது தடவை யார் கேட்பார்கள்?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நான் பயப்படச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். "புயலா?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை சென்டிமீட்டர்? எத்தனை மணி நேரத்தில்?" என்று கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால் ஒரு ஹெக்டேரில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் லிட்டர் விழுகிறது. ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் மார்க்குக்காகப் போட்ட கணக்கு நண்பர்களே, எங்கள் வீட்டுக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றது!

சிவில் நண்பர்களே! நாளை ஓவர்சியராகப் போகிறவர்கள் நாம். எங்கள் தெருமுனையில் ஒரு சிறுபாலம் உண்டு. உள்ளே இருக்கும் குழாயில் ஓர் ஆடு நுழையலாம், அவ்வளவுதான். யாரோ ஒருவர் அதை வரைந்திருக்கிறார், யாரோ ஒருவர் அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரும் நம்மைப் போல ஒரு டிப்ளமோக்காரராகத்தானே இருப்பார்? அன்று எங்கள் தெரு குளமாக நின்றதற்கு அந்தக் குழாயும் ஒரு காரணம். சிமெண்ட் போட்ட முற்றத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் ஓடிவிடும். தோட்டத்து மண்ணில் அதில் பாதிகூட ஓடாது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. எத்தனை வீட்டில் அந்தக் குழி தூர்ந்து கிடக்கிறது என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, இடி உங்கள் பாடம்! நம் நாட்டில் ஆண்டுதோறும் மின்னலுக்குப் பலியாகிறவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் வயலில் நிற்பவர்கள், மரத்தடியில் ஒதுங்குபவர்கள். மின்னல் தெரிந்து இடி கேட்பதற்குள் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். பனைமரத்தடி வேண்டவே வேண்டாம். ஊருக்குப் போனால் பள்ளிக்கூடத்து இடிதாங்கியின் எர்த் கம்பி அறுந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த நமக்கே அக்கறை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. வெள்ளம் வருவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன். டேப்பும் லெவலும் நம் கையில்தான் இருக்கின்றன.

இப்போதெல்லாம் மேகம் திரண்டால் அப்பா எனக்குப் போன் செய்கிறார். "எத்தன சென்டிமீட்டர்னு போட்டிருக்கான்ல?" என்று கேட்கிறார். "புயலா?" என்று அவர் கேட்பதே இல்லை.

நாமும் கேட்க வேண்டாம்!

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்