சட்டம் காணாத பிள்ளைகள்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திருமணம் மீறிய உறவு குற்றமல்ல என்றானால் குடும்பம் சிதையும் எனப் பலர் அஞ்சினர். 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு குடும்பத்தை என்றுமே காக்கவில்லை என்பேன். கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கோ வழக்குத் தொடுக்கும் உரிமையே இல்லை. மனைவி மீதான கணவனின் உடைமையுரிமையையே அது காத்தது.

‘கள்ளக்காதல்’ என்ற ஒற்றைச் சொல்லில் செய்திகள் முடித்துவிடும் கதையை இலக்கியம் பொறுமையாகக் கேட்டது. ஃப்ளாபேரின் ‘மதாம் பொவாரி’, தல்ஸ்தோயின் ‘அன்னா கரீனினா’, தி.ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ ஆகிய மூன்று நாவல்களும் பெண்ணை மனமுள்ளவளாகக் கண்டன. அதேவேளை, பிறழ்வைக் கொண்டாடவும் இல்லை. பொவாரியின் மகள் பஞ்சாலைக் கூலியாகிறாள். அன்னாவின் மகன் தாயைப் பிரிகிறான். அலங்காரத்தின் மகன் அப்பு, தாயின் ரகசியம் அறிந்து தவிக்கிறான்.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 497-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆனால், பிறர் மனைவியைத் தகாத உறவுக்காகக் கவர்ந்து செல்பவரைத் தண்டிக்கும் 84-ஆம் பிரிவு இருக்கிறது. பிறர் கணவனைக் கவர்ந்து சென்றால்? அதற்குப் பிரிவு இல்லை. உடைமைப் பார்வை இன்னும் அகலவில்லை.

துரோகத்தின் வலி உண்மையானது. சிறை அதற்கு மருந்தாகாது. மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தைகளின் பராமரிப்பு ஆகியவற்றைக் குடும்ப நீதிமன்றங்கள் காலம் தாழ்த்தாமல் தீர்த்துவைக்க வேண்டும். நாவலாசிரியர்கள் கண்ட அந்தப் பிள்ளைகளை நம் சட்டமும் இனியாவது காணட்டும்.